கடலும் வறட்சியும் விரட்டும் மக்கள்: வந்து சேரும் நகரம் எப்படித் தயாராவது?

வங்கதேசத் தலைநகர் டாக்காவின் மிர்பூரில் ‘போலா பஸ்தி’ என்றொரு குடிசைப் பகுதி உண்டு. ஆறு அரித்தும் புயல் அடித்தும் நிலத்தை இழந்த போலா தீவு மக்கள் வந்து குடியேறிய இடம் என்பதால் அந்தப் பெயர். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அங்கேயே பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார்கள். ‘கொஞ்ச நாளில் போய்விடுவார்கள்’ என்று நினைத்து ஒரு நகரம் திட்டமிட்டால் ஆட்கள் நிலைத்துவிடுவார்கள், வசதிகள் மட்டும் தற்காலிகமாகவே நிற்கும்.

உலக வங்கி 2021-இல் வெளியிட்ட கணிப்பின்படி, காலநிலை மாற்றத்தால் 2050-க்குள் தம் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக் கூடியவர்கள் உலகம் முழுக்க 21.6 கோடி வரை. வங்கதேசத்தில் மட்டும் 1.99 கோடி வரை. இது மோசமான நிலைக்கான மேல்கணக்கு. புகை உமிழ்வைக் குறைத்து, ஊர்களையும் தயார்ப்படுத்தினால் 80 சதவீதம் வரை குறையலாம் என்றும் அதே கணிப்பு சொல்கிறது. காலநிலையால் ஊரை விடுபவர்களில் பெரும்பாலோர் நாட்டு எல்லையைத் தாண்டுவதில்லை. பக்கத்து நகரத்துக்குத்தான் போகிறார்கள். ஆகவே இதற்கு முதலில் தயாராக வேண்டியது நகராட்சி.

சுமார் 1 லட்சம் மக்கள் கொண்ட நடுத்தர ஊர் ஒன்றின் ஆணையர், கவுன்சிலர், பொறியாளர், வார்டு அளவில் வேலை செய்யும் அமைப்பு ஆகியோரை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வங்கதேசத்தின் தென்மேற்குக் கடலோரத்திலிருந்து வருகின்றன. டாக்காவுக்கு ஓடும் மக்களை வழியிலேயே தாங்கிக்கொள்ளச் சிறு நகரங்களைத் தயார்ப்படுத்த வேண்டும் என்று மறைந்த காலநிலை அறிஞர் சலீமுல் ஹக் தொடர்ந்து வலியுறுத்தினார். சுந்தரவனத்தை ஒட்டிய துறைமுக ஊரான மோங்லா அதைத் தெரிந்தே முயன்று பார்த்த இடம்.

வருபவர்களைப் பிரித்துப் பாருங்கள்

2009 மே 25 அன்று அய்லா புயல் குல்னா, சாத்கீரா மாவட்டங்களின் மண்கரைகளை உடைத்தது. சில ஊர்களில் உடைப்பை உடனே அடைக்க முடியவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உப்புநீர் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கியது, மக்கள் கரைமேல் குடிசை போட்டு இருந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது மக்கள் நகர்ந்த வரிசையை. முதல் வாரம் எல்லாரும் கிட்டத்து மேட்டுக்குப் போகிறார்கள். சில மாதம் கழித்து வீட்டு ஆண் ஒருவர் செங்கல் சூளைக்கோ ரிக்‌ஷா ஓட்டவோ நகரத்துக்குக் கிளம்புகிறார். வயல் உப்பேறி, இரண்டு மூன்று போகம் பொய்த்த பிறகுதான் குடும்பமே பெட்டி படுக்கையோடு வருகிறது.

தமிழ்நாட்டிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டாவது ஆகும். புயல் நிவாரணம் சில மாதத்தில் முடிந்துவிடும். இடைப்பட்ட ஆண்டுகளுக்கான கூலியை அந்தக் குடும்பம் எந்த ஊரில் தேடும் என்பது திட்டத்தில் இருக்க வேண்டிய கேள்வி.

ஆகவே வருபவர்கள் மூன்று வகை. மூன்றுக்கும் மூன்று ஏற்பாடு.

திடீரென வருபவர்களுக்கு வேண்டியது தங்குமிடம். உலகெங்கும் நிவாரணப் பணியில் பின்பற்றும் குறைந்தபட்ச அளவுகள் இவை: ஆளுக்குக் கூரையின்கீழ் 3.5 சதுர மீட்டர் இடம், நாளுக்கு 15 லிட்டர் நீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, 250 பேருக்கு ஒரு குழாய். பள்ளிக்கூடத்தை இதற்குப் பயன்படுத்தினால் இரண்டு வாரத்துக்குள் காலி செய்யும் மாற்றிடத்தை முன்கூட்டியே குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளூர்ப் பிள்ளைகளின் படிப்பு கெடும், வந்தவர்கள்மேல் வெறுப்பு வளரும். அந்த வெறுப்பு எளிதில் ஆறாது.

பருவத்துக்கு வந்து போகிறவர்களுக்கு வேண்டியது வாடகை அறையும் ரேஷனும். அவர்களுக்கு அடுக்குமாடி வீடு கட்டிக் கொடுத்தால் பூட்டிக் கிடக்கும், அல்லது கைமாறும்.

குடும்பத்தோடு நிலைக்க வருபவர்களுக்கு வேண்டியது மனை. திட்டத்தின் பெரும்பகுதி உழைப்பு இங்கேதான் போக வேண்டும். ஆனால் பல நகரங்கள் இவர்களை முதல் வகையாகக் கருதி, கூடாரத்தையும் தகரக் கொட்டகையையும் பத்தாண்டு இழுக்கின்றன.

எண்ணுவது எப்படி

இந்தியாவில் கையில் இருக்கும் முழுக் கணக்கெடுப்பு 2011-ஆம் ஆண்டினது. அதை வைத்துக்கொண்டு இன்று வந்திருப்பவர்களை எண்ண முடியாது. நகராட்சியிடமும் பக்கத்து அலுவலகங்களிடமும் ஏற்கெனவே கிடக்கும் தடயங்களைச் சேர்த்தால் நல்ல கணக்கு கிடைக்கும்: வார்டுவாரியாக, கல்வியாண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழோடு வந்து சேர்ந்த பிள்ளைகள், வேற்றூர் ரேஷன் அட்டைக்கு நம் கடைகளில் போட்ட பொருள், லாரித் தண்ணீர் நடைகள், செப்டிக் டேங்க் லாரி நடைகள், ஒரே கதவு எண்ணில் கூடிய மின் இணைப்புகள். ஐந்தில் மூன்று ஒரே வார்டில் ஏறினால் அங்கே ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதன் பிறகு நேரில் போக வேண்டும். பத்துத் தெருவுக்கு ஒரு தெரு என்று எடுத்து, லைன் வீடுகளின் (வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வாடகை வீடுகளின்) கதவுகளை எண்ணுங்கள். காலை 8 மணிக்கு முன்போ இரவு 8 மணிக்குப் பின்போ போங்கள். பகலில் போனால் பூட்டைத்தான் எண்ணுவீர்கள். ‘ஏன் வந்தீர்கள்?’ என்று கேட்டால் எல்லாரும் ‘வேலைக்கு’ என்பார்கள். அந்தப் பதிலுக்குள் வெள்ளமும் வறட்சியும் மறைந்துபோகும். இப்படிக் கேளுங்கள்: ஊரில் கடைசியாக எப்போது விளைந்தது? அந்த வீடு இப்போது எப்படி இருக்கிறது, யார் இருக்கிறார்கள்? கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறதா? ஊருக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள்? கடைசிக் கேள்விதான் அதிகம் சொல்லும். பணம் அனுப்புகிறவரின் குடும்பம் இன்னும் ஊரில் இருக்கிறது. அனுப்புவது நின்றுவிட்டால், பெரும்பாலும் குடும்பம் இங்கே வந்துவிட்டது. அப்போது அந்தக் கதவு மூன்றாம் வகைக்கு மாறுகிறது.

செல்பேசித் தரவும் உதவும். 2013-இல் மஹாசேன் புயலின்போது வங்கதேசத்தில் சுமார் 60 லட்சம் செல்பேசிகளின் பெயர் நீக்கிய தரவைக் கொண்டு மக்கள் நகர்வை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆனால் தமக்கென்று சிம் இல்லாத பெண்களும் மிக ஏழைகளும் அதில் விடுபடுவார்கள். நிறுவனத்திடம் தொகுத்த எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், தனி எண்கள் வேண்டாம்.

எண்ணும்போது பெயர், ஆதார், கைரேகை எதையும் வாங்காதீர்கள். பட்டியல் காவல் நிலையத்துக்குப் போகும் என்ற பேச்சு ஒரு தெருவில் பரவினால் போதும், அடுத்த தெருவில் கதவு திறக்காது. மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தர் இதைப் பெரிய அளவில் அனுபவித்தது. கடுங்குளிரில் கால்நடைகளை இழந்த மேய்ச்சல் குடும்பங்கள் கூடாரத்தோடு வந்து நகர விளிம்பில் குடியேறின. 2017-இல் நகரம் புதுக் குடியேற்றப் பதிவை நிறுத்தியது, தடை 2020 வரை நீடித்தது. வருகை நிற்கவில்லை. வந்தவர்கள் பதிவில்லாமல் வாழ்ந்தார்கள், பதிவு இல்லாததால் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் அலைந்தார்கள். நகரத்துக்குத் தன் மக்கள்தொகையே சரியாகத் தெரியாமல் போனது.

நிலம்: இன்று நட வேண்டிய கல்

ஒரு நகரம் செய்யக்கூடிய வேலைகளில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது, வருங்காலச் சாலைகளுக்கான இடத்தை இன்றே ஒதுக்கிக் கல் நடுவதுதான். தவறவிட்டால் பிறகு எந்தப் பணத்தாலும் மீட்க முடியாததும் இதுதான்.

முதலில் இரண்டு கணக்குப் போடுங்கள். 1 லட்சம் பேர் உள்ள ஊர் ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டில் 1.49 லட்சம். வருகை கூடி 4 சதவீதமானால் 2.19 லட்சம். எது நடக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நிலத்தை மேல்கணக்குக்கு ஒதுக்குங்கள், முதன்மைக் குழாயை இரண்டுக்கும் இடைப்பட்ட நடுக்கணக்குக்குப் போடுங்கள், கட்டடத்தை வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் கட்டுங்கள். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. ஆள் வருமுன் அடுக்குமாடி எழும்புகிறது, ஆள் வந்த பிறகு சாலைக்கு இடம் தேடுகிறார்கள்.

மேல்கணக்கின்படி கூடுதலாக வரும் 1.19 லட்சம் பேருக்கு, ஹெக்டேருக்கு 200 பேர் என்று வைத்தால், சுமார் 600 ஹெக்டேர் வேண்டும். அதாவது 6 சதுர கிலோமீட்டர். இவ்வளவையும் வாங்க எந்த நகராட்சியிடமும் பணம் இல்லை. வாங்கவும் தேவையில்லை. ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்று குறுக்கும் நெடுக்குமாக 30 மீட்டர் அகலச் சாலைகளுக்கான இடத்தை மட்டும் பிடித்தால் போதும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு அது சுமார் 6 ஹெக்டேர், மொத்தம் 36 ஹெக்டேர். ஏக்கரில் 90-க்குச் சற்றுக் குறைவு. எத்தியோப்பியாவில் ஹவாசா, அடாமா, பாஹிர் தார், மெக்கெலே ஆகிய நகரங்கள் 2010-களில் இந்த முறையைக் கையாண்டன.

ஒரு கிலோமீட்டர் இடைவெளி என்றால் யாரும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்காமல் பேருந்துச் சாலையை எட்டலாம். 30 மீட்டருக்குள் இருவழிப் பேருந்து, இருபுறம் வடிகால், பெரிய குடிநீர்க் குழாய், நடைபாதை, மரம் எல்லாம் அடங்கும். 12 மீட்டரில் நிறுத்தினால், பின்னால் வடிகால் போட வரும் பொறியாளர் வீட்டுப் படிக்கட்டை இடிக்க வேண்டியிருக்கும். அங்கே வழக்கு தொடங்கும், வேலை நிற்கும்.

வரைபடத்தில் கோடு போட்டுவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினால் இத்திட்டம் செத்துவிடும். மனைப் பிரிப்பவர்கள் இரண்டே ஆண்டில் அந்தக் கோட்டின்மேல் கொடி நட்டுவிடுவார்கள். செய்ய வேண்டியவை: சர்வே எண்வாரியாக உட்பிரிவு செய்து கிராமக் கணக்கிலும் பத்திரப் பதிவிலும் ஏற்றுவது, 50 மீட்டருக்கு ஒரு கல் நடுவது, கல்லுக்குக் கல் மரம் வைப்பது, ஒரு தடவையாவது மண்சாலை போட்டு வண்டி ஓட விடுவது. மாட்டு வண்டியும் பைக்கும் ஓடும் பாதையில் யாரும் எளிதில் சுவர் எழுப்புவதில்லை.

அடுத்தது எங்கே குடியேறக் கூடாது என்ற வரைபடம். புதிதாக வருபவர்கள் ஏரி உள்வாயிலும் ஓடைப் புறம்போக்கிலும் மலைச் சரிவிலும் போய் உட்காருவது விவரம் தெரியாததால் அல்ல. காலியாகக் கிடந்தது அது ஒன்றுதான். 2007 ஜூன் 11 அன்று சிட்டகாங்கில் மழையில் சரிந்த மலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் சரிவின் அடியில் குடிசை போட்டிருந்த ஏழைகள். ஆபத்தான இடத்தில் கம்பிவேலி போடுவது பலன் தராது. ஆள் புழங்கும் பயன் ஒன்றைக் கொடுங்கள்: விளையாட்டுத் திடல், நாற்றங்கால், சந்தை நாள் மைதானம். காவலுக்கு ஒருவர் தினமும் இருக்கட்டும். ஆனால் அதே வாரத்தில் பாதுகாப்பான மனை ஒன்றைத் திறக்காமல் இதை மட்டும் செய்தால், குடிசை அடுத்த ஓடைக்கு நகரும். அவ்வளவுதான் மாறும்.

மனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடமே பழைய பாடம் இருக்கிறது. 1977-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் முழு வீட்டுக்குப் பதிலாக, தெருவும் குழாயும் வடிகாலும் போட்ட மனைகளைக் கொடுத்தார்கள். மக்கள் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் போனால் அது ஏழைகளுக்காகப் போட்ட மனை என்று சொன்னால்தான் தெரியும். இந்தூரில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி வடிவமைத்த அரண்யா குடியிருப்பிலும் இதே முறை: சுமார் 6,500 மனைகள், சிறியது 35 சதுர மீட்டர். சிறு மனையில் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, ஓர் அறை மட்டும் கட்டிக் கொடுத்து மீதியைக் குடும்பத்திடம் விட்டார்கள்.

இதில் இரண்டு விதி. சிறு மனைகளை ஒரு மூலையில் ஒதுக்காதீர்கள், பெரிய மனைகளோடு கலந்து வையுங்கள். பெரிய மனை விற்ற பணம் சிறு மனையின் குழாய்க்கு உதவும், கடையும் வேலையும் அதே தெருவுக்கு வரும். இரண்டாவது, அடித்தளத்தை முதலிலேயே ஒரு மாடி தாங்கும்படி போடுங்கள். மாடியில் கட்டும் அறைதான் அடுத்து வரும் குடும்பத்துக்கு வாடகை வீடு.

உப்பு, மழை, ஏற்றம்

கடலோர நகரத்தில் தண்ணீர்க் கணக்கு தப்பினால் மற்ற எல்லாம் வீண். புதிதாக 20,000 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு இந்திய அளவுகோல் ஆளுக்கு 70 லிட்டர். ஆக நாளுக்கு 14 லட்சம் லிட்டர். வழியில் 30 சதவீதம் கசிந்து போகும் என்று கொண்டால், நீரேற்று நிலையத்திலிருந்து 20 லட்சம் லிட்டர் கிளம்ப வேண்டும். இதில் முதல் வேலை புது ஆழ்துளைக் கிணறு போடுவதல்ல, அந்த 30 சதவீதக் கசிவை அடைப்பது.

ஆற்றிலோ கிணற்றிலோ நீர் எடுக்கும் இடத்தை மழைக்காலத்தில் சோதித்து முடிவு செய்வது வழக்கமான பிழை. கையடக்க ஈ.சி. மீட்டர் (நீரின் மின்கடத்துதிறனை அளந்து உப்பைக் காட்டும் கருவி) ஒன்று வாங்கி, மார்ச் முதல் மே வரை, பௌர்ணமி அமாவாசைக் கடல் ஏற்றத்தின் உச்சத்தில் அளக்க வேண்டும். மேல்மட்ட நீரையும், எடைகட்டிய பாட்டிலை இறக்கி அடிமட்ட நீரையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். உப்புநீர் கனமானது, அடியில் தங்கும், நீர் உறிஞ்சும் குழாயும் அங்கேதான் இருக்கும். மீட்டர் காட்டும் மைக்ரோசீமன்ஸ் எண்ணை 0.64 ஆல் பெருக்கினால் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு மில்லிகிராமில் ஏறத்தாழக் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயத்தில் 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை.

குல்னா நகரம் தன் பக்கத்தில் ஓடும் ரூப்ஷா ஆறு கோடையில் உப்பாவதால், 30 கிலோமீட்டருக்கு அப்பால் மதுமதி ஆற்றிலிருந்து நீர் கொண்டுவந்தது. நாளுக்கு 11 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திட்டம் 2019-இல் நிறைவடைந்தது. கோடையில் மதுமதியிலும் உப்பு ஏறும் என்பதால் கூடவே ஒரு தேக்கமும் கட்டினார்கள். சிறிய ஊருக்கு அவ்வளவு பெரிய திட்டம் எட்டாது. ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒரு குளம் எட்டும். ஆளுக்கு 5 லிட்டர், 20,000 பேர், 180 நாள் என்றால் 18,000 கன மீட்டர். ஒரு ஹெக்டேர் பரப்பில் 3 மீட்டர் நீர் நின்றால் 30,000 கன மீட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் வீதம் ஆறு மாதத்தில் 9,000 ஆவியாகும். மீதி 21,000, கசிவு குறைவாக இருந்தால் போதும். களிமண் அடித்து அடிப்பகுதியை இறுக்குவது அதனால்தான் கட்டாயம். குளத்தின் கரை, இதுவரை ஏறிய புயல் அலையைவிட உயரமாக இருக்க வேண்டும். சித்ர் புயலிலும் அய்லாவிலும் கடல்நீர் புகுந்து பல ஊர்க் குளங்கள் குடிக்க ஆகாமல் போயின. இறால் பண்ணைக்கு உப்புநீர் போகும் வாய்க்கால் குளத்தை ஒட்டி ஓடக் கூடாது.

மோங்லா நகரைச் சுற்றிச் சுமார் 11 கிலோமீட்டர் கரையும் வெள்ளக் கதவுகளும் அமைத்தது, வடிகாலைச் செப்பனிட்டது, நீர்த்தேக்கமும் சுத்திகரிப்பு நிலையமும் கட்டியது. இப்படிக் கரை கட்டும் எந்த ஊரும் ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது. ஏற்றத்தின்போது கதவு மூடியிருக்கும். அந்த ஐந்தாறு மணி நேரத்தில் மழை பெய்தால் ஊர் ஒரு கிண்ணம். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் மழை, அதில் 70 சதவீதம் ஓடி வருகிறது என்றால் 70,000 கன மீட்டர். இதை 6 மணி நேரத்தில் வெளியேற்ற நொடிக்கு 3.2 கன மீட்டர் இறைக்கும் பம்பு வேண்டும், மின்சாரம் போகும் புயல் இரவில் அதற்கு டீசலும் வேண்டும். அல்லது மழைநீரைத் தேக்கி வைக்க, ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 4.7 ஹெக்டேர் தாங்கல். பாதிக்குப் பாதி இரண்டையும் கலந்து வைப்பதே நல்லது. பம்பு பழுதானாலும் தாங்கல் பழுதாகாது. ஊரில் ஏற்கெனவே இருக்கும் குளங்களைத் தூர்க்காமல் காப்பதே இதில் பாதி வேலையை முடித்துவிடும்.

சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போடுவதால் நம் ஊர்களில் ரோடு ஏறி வீடு பள்ளமாகிறது. முதலில் மூழ்குவது லைன் வீடுகளின் பின்கட்டு அறைகள்தான். ஒப்பந்தத்தில் முடிவு மட்டத்தை எண்ணாக எழுதி, வேலை முடிந்ததும் மட்டக்கருவி வைத்துச் சரிபார்த்த பிறகு பில் கொடுங்கள்.

கழிவைப் பற்றி ஒன்று. வந்த நீரில் 80 சதவீதம் கழிவாக வெளியே போகும். குடியிருப்புப் பகுதிக்கான சமுதாயக் கழிப்பிடத்துக்குத் தூய்மை இந்தியா அளவு: 35 ஆண்களுக்கு ஒன்று, 25 பெண்களுக்கு ஒன்று. கட்டுவதைவிடப் பராமரிப்புக்கு ஆள் போடுவதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

வாடகையும் சீட்டும்

வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் வாடகைக்குத்தான் இருப்பார்கள். திருப்பூரில் லைன் வீடு என்பார்கள்: வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஒற்றை அறை, கோடியில் பொதுக் கழிப்பறை, முன்னால் ஒரு குழாய். இவற்றை விதிமீறல் என்று பூட்டி சீல் வைத்தால் வாடகைதான் ஏறும். கட்டுபவருக்கே உதவி செய்து சீர்படுத்துங்கள். அறைக்கு எதிரும் புதிருமாக இரண்டு காற்றுவழி, பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை, அறையின் தளம் தெருமட்டத்தைவிட அரை மீட்டர் உயரம், தகரக் கூரைமேல் வெள்ளைப் பூச்சு. இந்த நான்கையும் செய்பவருக்குச் சொத்து வரியில் தள்ளுபடியும் உடனடிக் குடிநீர் இணைப்பும் கொடுங்கள். முன்பணம்தான் புதிதாக வருபவரை ஓடைக்கரைக்குத் தள்ளுகிறது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. இதை வார்டு அலுவலகச் சுவரில் தமிழிலும், வந்திருப்பவர்களின் மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்தது முகவரிச் சீட்டு. வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தர மறுப்பார், ஒப்பந்தம் இல்லாமல் எரிவாயு இணைப்பு கிடைப்பது கடினம், வங்கிக் கணக்கு சிக்கல், பிள்ளையைச் சேர்க்கும்போது தகராறு. நகராட்சியே ஓர் எளிய வசிப்பிடச் சீட்டு கொடுக்கலாம். அதற்கு வீட்டுக்காரரின் மின்கட்டண ரசீதைக் கேட்கக் கூடாது. பக்கத்துக் கதவுக்காரர் ஒருவரின் கையெழுத்தும், வார்டு ஊழியர் நேரில் பார்த்த குறிப்பும் போதும். சீட்டின்மேலேயே ‘இது நில உரிமைக்கான சான்று அல்ல’ என்று அச்சிட்டுவிட்டால் வீட்டுக்காரருக்கும் பயம் இல்லை. ரேஷனுக்கு ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் வெளியூர் அட்டைக்குப் பொருள் போட்டால் மாதக் கடைசியில் கடையில் இருப்புக் குறையும் என்று தயங்குவார்கள். போன மாத வெளியூர் அட்டை எண்ணிக்கையைப் பார்த்து அந்தக் கடைக்கு ஒதுக்கீட்டைக் கூட்டச் சொல்லி எழுதுங்கள்.

ஏற்கெனவே புறம்போக்கில் பத்து, இருபது ஆண்டு இருப்பவர்களுக்கு ஒடிசா ஒரு வழி காட்டியிருக்கிறது. கடற்புயல் அடிக்கடி தாக்கும் அந்த மாநிலம் 2017-இல் குடிசைவாசிகளுக்கான நில உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. டிரோனால் படமெடுத்து, தெருவிலேயே மக்களோடு உட்கார்ந்து எல்லை குறித்தார்கள். கொடுக்கும் உரிமை வாரிசுக்கு வரும், வங்கியில் வைத்துக் கடன் வாங்கலாம், விற்க முடியாது. ‘நாளைக்கு இடித்துவிடுவார்கள்’ என்ற பயம் போன வீட்டில்தான் சிமெண்டு தளமும் கழிப்பறையும் வரும். ஆபத்தான இடத்தில் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இந்த உரிமையை மாற்று மனையில் கொடுக்க வேண்டும்.

வேலை, பழைய குடிகள், பணம்

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போன பெண்களுக்கும் ஆண்களுக்கும் பழைய வேலையிடம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனது. பேருந்தில் போய்வரும் நேரத்தில் வேலையே கைவிட்டுப் போனது. அதோடு அந்தக் குடியிருப்பு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. மனைக்கு இடம் தேர்வு செய்யுமுன் காலை 6 மணிக்கு அங்கிருந்து வேலைச் சந்தைக்குப் பேருந்தில் போய்ப் பாருங்கள். போகவர ஆகும் செலவு தினக்கூலியில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் அந்த இடம் வேண்டாம். மோங்லாவுக்கு ஆள் வருவதற்கும் தங்குவதற்கும் கரை மட்டும் காரணமில்லை. துறைமுகமும் ஏற்றுமதி மண்டலமும் பக்கத்திலேயே வேலை கொடுக்கின்றன.

வந்தவர்களுக்கு மட்டும் புதுக் குழாய் போட்டால் பக்கத்துத் தெருவில் ஆண்டுக்கணக்கில் குடத்தோடு நிற்பவர் கேட்பார், கேட்பது நியாயம். உகாண்டா அகதிகள் பகுதிகளில் உதவியில் 30 சதவீதம் உள்ளூர் மக்களுக்கு என்ற விதி வைத்திருக்கிறது. நகரத்தில் அதைவிடக் கூட்டி, பழைய ஏழைத் தெருவிலும் புது மனையிலும் ஒரே நாளில் குழாய் திறக்கும்படி வேலையை அடுக்குங்கள்.

பணத்தில் பெரிய தடையாக இருந்தது, 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதி ஆணையத்தின் உள்ளாட்சி மானியம் மாநிலங்களுக்குப் பெரும்பாலும் 2011 மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கப்பட்டது என்பது. 2011-க்குப் பிறகு வந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே மேலே சொன்ன ஐந்து தடயக் கணக்கை ஆண்டுதோறும் மன்றத்தில் தீர்மானமாகப் பதிவு செய்து, ஒவ்வொரு திட்ட அறிக்கையோடும் இணையுங்கள். சாலைக்கல் நடுவதற்கும் உட்பிரிவுக்கும் மானியத்துக்குக் காத்திராமல் சொந்த நிதியிலிருந்து முதலில் செலவிடுங்கள், அந்த வேலைக்கு மட்டும் தாமதம் கூடாது.

கால வரிசையில் சொன்னால்: முதல் மூன்று மாதத்தில் எண்ணிக்கையும் ஆபத்து வரைபடமும், அடுத்த கோடையில் உப்பு அளவு, முதல் ஆண்டு முடியுமுன் சாலை இடத்தின் உட்பிரிவும் கல்லும், இரண்டாம் ஆண்டில் முதல் 500 மனைகள், குளம், தாங்கல். வசிப்பிடச் சீட்டு கொடுக்கும் மேசையை முதல் மாதத்திலேயே திறந்துவிடலாம், ஒரு மேசையும் இரண்டு ஊழியர்களும் போதும். பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் பள்ளிச் சேர்க்கையைப் பாருங்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்து அது நடுக்கணக்கைத் தாண்டினால், அந்த டிசம்பருக்குள் அடுத்த சதுர கிலோமீட்டரின் மனைகளுக்குக் குழாய் போடத் தொடங்குங்கள்.